ஊருக்கு நடுவே ஒரு முற்றம்

வீட்டைப் புதுப்பிக்கிறார்கள் என்று வைத்துக் கொள்ளுங்கள். மேஸ்திரி வருகிறார், கொத்தனார் வருகிறார், வீட்டுக்காரர் மூக்குக் கண்ணாடியை மாட்டிக் கொண்டு காகிதத்தில் கோடு போடுகிறார். "இங்கே அடுப்பு, அங்கே தொட்டி, இந்தச் சுவரில் அலமாரி" என்று மூவருமாக முடிவு செய்து விடுகிறார்கள். எல்லாம் கட்டி, சுண்ணாம்பும் அடித்த பிறகு வீட்டுக்காரி சமையலறைக்குள் நுழைகிறாள். அலமாரி எட்டவில்லை. தொட்டியருகே நின்றால் தன் நிழலே பாத்திரத்தின் மேல் விழுகிறது. மாவரைக்கும் கிரைண்டருக்கு இடமே இல்லை.

"இதை முன்னாலேயே சொல்லியிருக்கக் கூடாதா?" என்று வீட்டுக்காரர் அலுத்துக் கொள்கிறார்.

"முன்னாலேயே கேட்டிருக்கக் கூடாதா?" என்று அவள் திருப்பிக் கேட்டால் அவரிடம் பதில் இருக்காது!

ஊரும் ஒரு பெரிய வீடுதான். கடைவீதியும், பஸ் ஸ்டாண்டும், கோயிலும், சந்தையும் கூடுகிற நடு ஊர் அந்த வீட்டின் முற்றம். அந்த முற்றத்தை இடித்துப் புதிதாகக் கட்டுவது என்றால் யாரைக் கேட்பது? எப்போது கேட்பது? இந்தக் கேள்வியை மடியில் கட்டிக் கொண்டு சேலத்துக்கு ஒரு நடை போய் வருவோம், வாருங்கள்.

மலை நடுவே மாநகரம்

வடக்கே நகரமலை, தெற்கே ஜருகுமலை, மேற்கே கஞ்சமலை, கிழக்கே கோதுமலை. நாலு பக்கமும் மலைகள் காவலிருக்க, நடுவே அமர்ந்திருக்கிறது சேலம். மாம்பழம் என்றதும் நாக்கில் ஊறும் ஊர். வெள்ளிக் கொலுசு என்றதும் காதில் ஒலிக்கும் ஊர். இங்கே முனிசிபாலிடி ஏற்பட்டது 1866-ல். ராஜாஜி அவர்கள் 1917 முதல் 1919 வரை அதன் தலைவராக இருந்தார்கள். 1994-ல் அது மாநகராட்சி ஆயிற்று. இன்று 60 வார்டுகள்.

நாம் இறங்க வேண்டிய இடம் பழைய பஸ் ஸ்டாண்டு. வெளியூர் பஸ்கள் எல்லாம் எப்போதோ மெய்யனூர்ப் பக்கம் புதிய நிலையத்துக்குப் போய் விட்டன. ஆனாலும் சேலத்துக்காரர்களுக்கு 'டவுன்' என்றால் இந்தப் பழைய இடந்தான். சேலைக் கடையும், பாத்திரக் கடையும், நகைக் கடையும், கோட்டை மாரியம்மன் கோயிலும் கூப்பிடு தூரத்தில் இருக்கின்றன.

பெயர்தான் பழையது. கட்டிடம் புத்தம் புதியது! பழையதை இடித்து விட்டு, 96 கோடி ரூபாய்க்கு மேல் செலவிட்டு, இரண்டு அடுக்காகக் கட்டியிருக்கிறார்கள். 2023 ஜூன் மாதம் திறப்பு விழா நடந்தது. கீழே பஸ், மேலேயும் பஸ்! ஏற்காட்டு பஸ்தான் மேலே ஏறும் என்று நினைத்துக் கொண்டிருந்த ஊரில் டவுன் பஸ்ஸும் ஏறத் தொடங்கி விட்டது. வேலை நடந்த காலத்தில் போஸ் மைதானம் தற்காலிக பஸ் ஸ்டாண்டாக இருந்தது.

இங்கே நின்று இறங்குகிறவர்களைக் கொஞ்ச நேரம் வேடிக்கை பாருங்கள். கூடையோடு ஒரு பாட்டி, இடுப்பில் குழந்தையும் கையில் மருந்துச் சீட்டுமாக ஒரு தாய், ஜவுளிக் கடையில் நாளெல்லாம் நின்று சேலை விரித்துக் காட்டப் போகிற பெண்கள், கல்லூரி மாணவிகள். 2021 மே மாதம் சாதாரணக் கட்டண டவுன் பஸ்களில் பெண்களுக்கு இலவசப் பயணம் தொடங்கிய பிறகு, வீட்டு வாசலை விட்டு இறங்கத் தயங்கியவர்களும் துணிந்து இறங்கினார்கள். ஆக, முற்றத்தை அதிகம் மிதிக்கிற கால்கள் எவருடையவை என்று நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

ஊர்களுக்கு ஒரு பரீட்சை

இந்தப் புது மெருகெல்லாம் எப்படி வந்தது? 2015 ஜூன் மாதத்தில் மத்திய அரசு 'ஸ்மார்ட் சிட்டி' என்கிற சீர்மிகு நகரத் திட்டத்தை அறிவித்தது. நாட்டில் 100 நகரங்களைத் தேர்ந்தெடுத்து, ஒவ்வொன்றுக்கும் ஐந்தாண்டுகளில் 500 கோடி ரூபாய். அதற்கு ஈடாக மாநில அரசும் நகரமும் அதே அளவு போட வேண்டும். ஆனால் சும்மா கிடைக்காது. ஊர்களுக்கெல்லாம் பரீட்சை வைத்தார்கள்! 2016 ஜனவரியில் முதல் பட்டியல் வெளிவந்தபோது தமிழ்நாட்டில் சென்னையும் கோவையும் மாத்திரம் தேறின. அதே ஆண்டு செப்டம்பரில் மதுரை, தஞ்சாவூர், வேலூர் ஆகியவற்றுடன் சேலமும் தேறி விட்டது.

நம் கதைக்கு முக்கியமான விஷயம் இதுதான்: பொதுமக்களைக் கருத்துக் கேட்டே ஊர்கள் தங்கள் திட்டத்தை எழுத வேண்டும் என்று விதி இருந்தது. அதற்கு மார்க்கும் உண்டு. கூட்டம் போடலாம், படிவம் கொடுத்து நிரப்பச் சொல்லலாம், இணைய தளத்திலும் கேட்கலாம்.

எதைக் கேட்பது? முதல் கேள்வி, ஊரின் எந்தப் பகுதியில் கை வைப்பது என்பது. அடுத்தது, எப்படிக் கை வைப்பது என்பது. திட்டத்தில் மூன்று வழிகள் சொல்லியிருந்தார்கள். இருக்கிற பகுதியை அப்படியே வைத்துச் செப்பனிடலாம். அதற்கு 500 ஏக்கருக்கு மேல் வேண்டும். இடித்து விட்டு வேறாகக் கட்டலாம். அதற்கு 50 ஏக்கருக்கு மேல் போதும். வெறும் நிலத்தில் புதிதாகவே எழுப்பலாம். அதற்கு 250 ஏக்கருக்கு மேல். நம் பாஷையில் சொன்னால், பழைய பட்டுப் புடவையைக் கிழிசல் தைத்துக் கட்டுவதா, வெட்டிப் பாவாடை தைப்பதா, கடைக்குப் போய்ப் புதிது எடுப்பதா என்பதுதான். எது நல்லது என்பது புடவையைப் பொறுத்தது. கட்டிக் கொள்ளப் போகிறவளையும் பொறுத்தது அல்லவா?

பூக்காரம்மாளுக்கு ஓய்வு எப்போது?

பஸ் ஸ்டாண்டிலிருந்து நாலு எட்டு வைத்தால் வ.உ.சி. மார்க்கெட். இதுவும் அதே திட்டத்தில் புதுக் கட்டிடம் கண்டது. இங்கே வருவதானால் பொழுது விடிவதற்கு முன்னால் வர வேண்டும். மூட்டை மூட்டையாக வந்து இறங்குகிறது பூ. குண்டுமல்லி, முல்லை, காக்கட்டான், சம்பங்கி, சாமந்தி. பனமரத்துப்பட்டிப் பக்கத்திலிருந்து அரளி. விலை கூறும் குரலும் பேரம் பேசும் குரலுமாக ஒரே ஆரவாரம். ஈரச் சாக்கின் வாசனையும் மல்லிகை வாசனையும் கலந்து வருகிற காற்று வேறெங்கும் கிடைக்காது.

மார்க்கெட்டுக்கு வெளியே, கூடையைக் கவிழ்த்து அதன் மேல் பலகை வைத்துக் கட்டிய பூவைப் பரப்பிக் கொண்டு உட்கார்ந்திருக்கும் அம்மாளைப் பாருங்கள். "எத்தனை மொழம் வேணும் கண்ணு?" என்று கேட்டுக் கொண்டே விரல்கள் நாரில் முடிச்சுப் போடுகின்றன. இப்படிப்பட்ட ஒருவரிடம் ஊர்ப் புதுப்பிப்புத் திட்டத்தைப் பற்றிக் கருத்துக் கேட்க வேண்டுமானால் எத்தனை மணிக்குக் கேட்பது? விடியற்காலை கொள்முதல். காலை முழுவதும் தொடுப்பதும் விற்பதும். மத்தியானம் வீட்டுச் சமையல். மாலையில் மறுபடியும் வியாபாரம். கருத்துக் கேட்புக் கூட்டமோ காலை பதினோரு மணிக்கு, மின்விசிறி சுழலும் மண்டபத்தில்! அவர் கையிலும் செல்போன் இருக்கிறது. படிவத்தை நிரப்பத்தான் கை ஓயவில்லை.

ஆனால் அவருக்குத் தெரிந்தது வரைபடம் போடுகிறவருக்குத் தெரியாது. எந்த மூலையில் எத்தனை மணிக்கு வெயில் அடிக்கும், மழை பெய்தால் தண்ணீர் எங்கே தேங்கும், பஸ்ஸிலிருந்து இறங்குகிறவர்கள் எந்தப் பக்கம் திரும்புவார்கள் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. அந்தத் திருப்பத்தில்தான் அவருடைய அன்றாடச் சோறு இருக்கிறது. புதுக் கட்டிடத்தில் அவருக்கு ஓர் இடம் ஒதுக்கி, அது முதல் மாடியின் பின் மூலையாக இருந்தால் என்ன ஆகும்? ஒரு முழம் பூவுக்காக மாடி ஏறுகிறவர் யார்?

இதை யோசித்தே சட்டம் செய்திருக்கிறார்கள் என்பது பலருக்குத் தெரியாது. 2014-ல் வந்த தெருவோர வியாபாரிகள் சட்டத்தின்படி, ஒவ்வோர் ஊரிலும் நகர விற்பனைக் குழு இருக்க வேண்டும். அதில் நூற்றுக்கு 40 பேருக்குக் குறையாமல் தெரு வியாபாரிகளே இருக்க வேண்டும். அவர்களை வியாபாரிகளே தேர்ந்தெடுக்க வேண்டும். அவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள். கணக்கெடுப்பு முடியுமுன் எவரையும் அப்புறப்படுத்தக் கூடாது. ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாக வியாபாரம் நடந்து வரும் சந்தையைப் பாரம்பரியச் சந்தையாக அறிவித்து, அங்குள்ளவர்களை இடம் மாற்றாமல் விட வேண்டும் என்று கூட இருக்கிறது. சட்டப் புத்தகத்தில் பூக்காரம்மாளுக்கு நாற்காலி போட்டாகி விட்டது. அவரை அதில் உட்கார வைப்பதுதான் பாக்கி!

வண்டி வேடிக்கையும் வெள்ளைக்காரத் தாடிக்காரரும்

அடுத்தது கோட்டை மாரியம்மன். சேலத்துப் பேட்டைகளில் குடி கொண்டிருக்கும் எட்டு மாரியம்மன்களில் மூத்தவள் இவள்தான். ஆடி மாதம் வந்தால் எட்டுப் பேட்டைகளும் ஒன்றாகக் கிளம்பி விடும். பொங்கல் பானையும் மாவிளக்கும் தீச்சட்டியுமாகத் தெரு கொள்ளாத கூட்டம். குகைப் பகுதியிலோ வண்டி வேடிக்கை! வண்டிகளை ஜோடித்து, மனிதர்கள் தெய்வ வேடம் போட்டுக் கொண்டு அதில் பவனி வருவார்கள்.

திட்டப் படத்தில் சாலைக்கு அகலம் இருக்கும். ஆடி மாதம் இருக்காது. பொங்கல் வைக்கும் பெண்கள் எங்கே கல்லைக் கூட்டுவார்கள், வண்டி எந்த வளைவில் திரும்பும் என்பதை ஊரார்தான் சொல்ல வேண்டும். அழகுக்காக நடுவில் ஒரு கம்பி வேலி போட்டு விட்டால் அம்மன் பவனி எப்படிப் போகும்?

ஊர்வலத்தையே ஊர் திருத்தும் கருவியாக்கிய ஒருவர் உண்டு. ஸ்காட்லாந்துக்காரர், பாட்ரிக் கெட்டஸ் என்று பெயர். நீண்ட தாடி. ஊர்களை எப்படி அமைப்பது என்பதைப் படங்களாலும் மாதிரிகளாலும் விளக்கும் கண்காட்சி ஒன்றை 1914-ல் நம் நாட்டுக்குக் கப்பலில் அனுப்பினார். நம் பாட்டிமார் எல்லாம் பயந்து நடுங்கிய 'எம்டன்' கப்பல் நினைவிருக்கிறதல்லவா? அந்த எம்டன்தான் கண்காட்சி வந்த கப்பலைக் கடலில் மூழ்கடித்தது. மனிதர் சளைக்கவில்லை. நண்பர்கள் அவசரமாகச் சேர்த்து அனுப்பியதை வைத்து 1915 ஜனவரியில் சென்னையிலேயே கண்காட்சி நடத்தி விட்டார்.

பிறகு சென்னை ராஜதானியின் ஊர்கள் பலவற்றில் சந்து சந்தாக நடந்து பார்த்து அறிக்கை எழுதினார். அவருடைய வைத்தியம் விசித்திரமானது. நெருக்கமான தெருவைக் கண்டதும் நேர்கோடு போட்டு இடிக்கச் சொல்லவில்லை. முதலில் நாடி பார்க்க வேண்டும். கத்தி எடுத்தே ஆக வேண்டுமென்றால் மிகச் சிறிதாக வெட்ட வேண்டும் என்பார். பாழடைந்த ஒரு வீட்டை மட்டும் எடுத்து விட்டு, அங்கே மரமும் கிணறும் வைத்தால் தெரு முழுவதும் மூச்சு விடும் என்பது அவர் கட்சி.

1917-18-ல் இந்தூர் சமஸ்தானத்தில் பிளேக் நோய் பரவியிருந்தபோது அவரை அழைத்தார்கள். தீபாவளிக்கு ஒரு பெரிய ஊர்வலம் நடக்கும், எந்தத் தெருக்கள் நன்றாகச் சுத்தமாகின்றனவோ அந்தத் தெருக்கள் வழியாகத்தான் போகும் என்று அறிவித்தார். போதாதா? தெருவுக்குத் தெரு போட்டி! ஊர்வலத்தில் பிளேக்கைக் காட்டும் ராட்சத எலி வந்தது. தெருக் கூட்டும் தொழிலாளர்கள் வெள்ளை உடையும் பூமாலையுமாகக் கௌரவத்துடன் வந்தார்கள். உத்தரவு போட்டு நடக்காதது, ஊரைக் கூட்டாளியாக்கியதால் நடந்தது. நம் குகை வண்டி வேடிக்கைக்காரர்களுக்கு இதெல்லாம் புதிதா என்ன!

ஆறு கேட்டால்?

கோட்டை மாரியம்மன் கோயிலை ஒட்டிப் போகிறது திருமணிமுத்தாறு. சேர்வராயன் மலையில் பிறந்து, சேலத்தின் நடுவே புகுந்து வருகிறாள். பெயரில் மணியும் முத்தும் இருந்தாலும், ஊருக்குள் வந்ததும் சாக்கடையும் சாயக் கழிவும் சேர்ந்து அவள் நிறம் மாறிப் போனது பழைய துக்கம். கரை கட்டி அவளைச் சீர்படுத்தும் வேலையும் திட்டத்தில் இடம் பெற்றது.

ஆனால் ஆறு மாநகராட்சி எல்லையோடு நின்று விடுகிறதா? நாமக்கல் மாவட்டத்துச் சமவெளிக்குள் இறங்கி, வயல்களைக் கடந்து காவிரியில் போய்ச் சேருகிறது. சேலத்தின் நடு ஊரில் எதைக் கொட்டுகிறோம், எதைத் தடுக்கிறோம் என்பது அங்கே கிணற்றில் நீர் இறைக்கிற பெண்ணின் குடத்தில் தெரியும். கருத்துக் கேட்புக் கூட்டத்துக்கு அவளை யார் அழைத்தார்கள்? அவள் சேலத்து வாக்காளர் அல்லவே! ஊர்க்காரர் என்றால் ஊருக்குள் வீடு உள்ளவர் மட்டுமா, ஊர் செய்வதன் பலனை அனுபவிக்கிறவர்களுமா என்று கேட்க வைக்கிறாள் திருமணிமுத்தாறு.

ஆற்றின் வழியே இவ்வளவு தூரம் வந்த பிறகு நாமக்கல் டவுனையும் ஒரு பார்வை பார்த்து விடலாம். ஒரே பாறையான குன்று; மேலே கோட்டை; கீழே நரசிம்மர், நாமகிரித் தாயார்; எதிரே கூப்பிய கையுடன் 18 அடி ஆஞ்சநேயர்; கமலாலயக் குளம். இங்கே முடிவு வேறு விதமாக இருந்தது. சேலத்தில் பஸ் ஸ்டாண்டை நடு ஊரிலேயே மாடி வைத்துக் கட்டினார்கள். நாமக்கல்லில் ஊருக்கு வெளியே முதலைப்பட்டியில் புதிய நிலையம் கட்டி, 2024-ல் திறந்தார்கள். கோட்டையைச் சுற்றியிருந்த நெரிசலுக்கு இது மருந்துதான். ஆனால் நெரிசலை நம்பிப் பிழைத்த டீக்கடைக்கும் பழக்கடைக்கும், ஆஸ்பத்திரிக்கு வரும் கிராமத்துத் தாய்க்கும் அது வேறு கணக்கு. ஒரே மருந்து எல்லா ஊருக்கும் ஒத்துக் கொள்ளாது.

காலால் கேட்பது

வாயால் கேட்பது ஒன்றுதான் வழி என்று நினைக்காதீர்கள். சென்னையில் பாண்டி பஜார் தெரியுமல்லவா? அங்கே நடைபாதையை அகலமாக்கி, வண்டிகளைக் குறைக்கத் திட்டமிட்டபோது, நிரந்தரமாகக் கட்டுவதற்கு முன்னால் தற்காலிகமாகத் தடுப்பு வைத்து ஜனங்களை நடக்க விட்டுப் பார்த்தார்கள். எங்கே நெரிகிறது, எங்கே நின்று பேசுகிறார்கள், குழந்தை எங்கே ஓடுகிறது என்பதெல்லாம் தெரிந்தது. பிறகுதான் கல் பதித்தார்கள். 2019 நவம்பரில் திறந்தார்கள். சேலை எடுக்கும்போது தோளில் போட்டுக் கண்ணாடியில் பார்க்கிறோமே, அந்த மாதிரி. கோடிக் கணக்கில் செலவழிக்குமுன் ஒரு முறை தோளில் போட்டுப் பார்ப்பதில் என்ன நஷ்டம்?

ஸ்மார்ட் சிட்டித் திட்டம் 2025 மார்ச் மாதத்தோடு முடிந்தது. திட்டந்தான் முடிந்தது, ஊர் முடியவில்லை. நாளைக்கு இன்னொரு பெயரில் இன்னொரு திட்டம் வரும். அதற்கு இப்போதே தயாராக இருக்கலாம். 1971-ம் ஆண்டு நகர் ஊரமைப்புச் சட்டப்படி, ஊருக்கான முழுமைத் திட்டத்தின் நகலை வெளியிட்டு, எவர் வேண்டுமானாலும் ஆட்சேபணையும் யோசனையும் எழுதித் தர அவகாசம் கொடுத்தே ஆக வேண்டும். தவிரவும், 2022-ல் தமிழ்நாட்டு நகரங்களுக்கு வார்டு குழு, பகுதி சபை என்ற ஏற்பாடுகளுக்கு விதிகள் வந்தன. அவ்வாண்டு நவம்பர் 1-ம் தேதி, உள்ளாட்சி தினத்தன்று, பகுதி சபைக் கூட்டங்களும் நடந்தன. கிராமத்துக்குக் கிராம சபை போல, நகரத்துத் தெருவுக்குப் பகுதி சபை. அந்த ஆண்டு நடந்த நகர்ப்புறத் தேர்தலில் பாதி இடங்கள் பெண்களுக்கு. கவுன்சிலர் அம்மாள் உங்கள் பக்கத்துத் தெருக்காரராகவே இருக்கக் கூடும்.

போனால் என்ன கேட்பது?

"எனக்கு வரைபடமெல்லாம் புரியாதே!" என்று பின்வாங்காதீர்கள். கோலம் போடத் தெரிந்தவர்களுக்கு வரைபடம் ஒரு பிரமாதமா? படத்தில் பஸ்ஸிலிருந்து இறங்குகிற இடத்தில் விரலை வையுங்கள். அங்கிருந்து காய்கறிக் கடை வரை விரலாலேயே நடந்து போங்கள். எத்தனை படி ஏற வேண்டும்? மின்தூக்கி இருந்தால், அது ஓடாத நாளில் பாட்டி என்ன செய்வாள்? நிழல் எங்கே? குழந்தைக்குப் பால் கொடுக்க மறைவான இடம் எங்கே? கழிப்பிடம் எங்கே, அதில் விளக்கும் தண்ணீரும் இரவு எத்தனை மணி வரை? பூக்காரம்மாள் எங்கே உட்காருவார்? மழை பெய்தால் தண்ணீர் எங்கே போகும்?

எல்லாவற்றிலும் முக்கியமான கேள்வி ஒன்றுண்டு. அதைக் கேட்காமல் எழுந்து வரக் கூடாது: "போன கூட்டத்தில் நாங்கள் சொன்னது என்ன ஆயிற்று?" எதைச் சேர்த்தார்கள், எதை விட்டார்கள், ஏன் விட்டார்கள் என்று நாலு வரி எழுதி வார்டு ஆபீஸ் வாசலில் ஒட்டச் சொல்லுங்கள். சொன்னதெல்லாம் நடக்க வேண்டும் என்று எவரும் எதிர்பார்க்கவில்லை. வீட்டிலேயே அப்படி நடப்பதில்லையே! ஆனால் கேட்டதற்கு அடையாளம் வேண்டும். கோடு போட்டு முடித்து விட்டு, 'கருத்துச் சொல்லுங்கள்' என்று கேட்பது, சாப்பாடு பரிமாறிய பிறகு 'என்ன சமைக்கட்டும்?' என்று கேட்பது போலத்தான்.

ஆகவே, உங்கள் ஊரில் இப்படி ஒரு நோட்டீஸ் கண்ணில் பட்டால், தேதியைக் காலண்டரில் குறித்துக் கொள்ளுங்கள். நேரம் பூ வியாபார நேரமாக இருந்தால் மாற்றச் சொல்லி எழுதிப் போடுங்கள். போகும்போது தனியே போகாதீர்கள். தினமும் உங்களுக்கு முழம் போட்டுத் தருகிற அம்மாளையும் கையோடு அழைத்துப் போங்கள். மண்டபத்தில் அவர் கூச்சப்பட்டுக் கடைசி வரிசைக்குப் போகப் பார்ப்பார். விடாதீர்கள், உங்கள் பக்கத்திலேயே உட்கார வைத்து, முதலில் அவரைப் பேச விடுங்கள்.

சேலத்துக் கூட்டமானால் இன்னும் ஒரு சௌகரியம். முடிந்து வரும் வழியில் இருவருமாகத் தட்டுவடை செட் சாப்பிடலாம். இரண்டு தட்டுவடைகளுக்கு நடுவே துருவிய காரட்டும் பீட்ரூட்டும், பச்சைச் சட்னியும் சிவப்புச் சட்னியும் வைத்துத் தருவார்கள். காரம் எவ்வளவு வேண்டும் என்று கடைக்காரர் முன்னாலேயே கேட்டு விடுவார்!